நீல வாளியின் மரணமும் முப்பத்தெட்டு வாசல்களும்

டிசம்பர் 9, செவ்வாய்

மரண அறிவித்தல். குளியலறையைப் பிறப்பிடமாகவும், கராஜின் பக்கச்சுவர் ஓரத்தை இறுதி வதிவிடமாகவும் கொண்ட திரு. நீல வாளி அவர்கள் இன்று அதிகாலை இறைபதம் எய்தினார். அன்னார் காலஞ்சென்ற சிவப்பு வாளியின் பாசமிகு சகோதரரும், தரை கூட்டும் தும்புத்தடி அவர்களின் ஆருயிர் நண்பரும் ஆவார். வயிற்றுக்குள் தண்ணீர் உறைந்து பக்கம் வெடித்ததே மரணத்துக்குக் காரணம். குளியலறை வாளிக்குள், கராஜ் ஓரத்தில், தண்ணீர் எப்படி வந்தது என்பது விசாரணையில் உள்ளது. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: யதுசன் பரராஜசிங்கம், வயது பதினாறு, இவ்வீட்டின் ஒரே வாரிசு.

ஏனைய செய்திகள். அப்பா விழுந்துவிட்டார்.

இரவு ஆறு சென்ரிமீற்றர் பனி. பனி தள்ள இரண்டு மணிக்கு ட்றக் வெளிக்கிட வேண்டும். வழமையாக மாமாதான் முதலில் போய் ட்றக்கைச் சூடாக்குவார். இன்று மாமா கையுறை தேடிக்கொண்டு நின்றதால் அப்பா முதலில் போனார். எங்கள் டிரைவ்வேயில் பனிக்குக் கீழே கண்ணாடி போல ஐஸ் கிடந்திருக்கிறது. இடது இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. அம்புலன்ஸ் போன பிறகு அம்மா கதவடியில் நின்று மாமாவைக் கேட்டார்.

"கஜீபன், ராத்திரி உப்புப் போட்டனியோ?"

"போட்டனான் அக்கா."

"போட்டிருந்தா ஏன்டா உப்பிடிக் கிடக்கு?"

மாமா குனிந்து ஐஸைப் பார்த்தார். அதற்கே பதில் தெரியும் என்பது போலப் பார்த்தார்.

நான் படியில் நின்றேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது மரியாதையில்லை என்று தமிழ்ப் பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். தரவில்லையென்றால் தந்திருக்க வேண்டும்.

டிசம்பர் 10, புதன்

இந்தக் கொப்பி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் வதனி ரீச்சர் தந்தது. தினமும் எழுத வேண்டும், தான் வாசிக்கமாட்டேன், பக்கங்களை மட்டும் எண்ணுவேன் என்றார். ஆகவே இங்கே உண்மை மட்டுமே எழுதப்படும். எல்லா உண்மையும் எழுதப்படும் என்று நான் சொல்லவில்லை.

அப்பாவுக்குச் சத்திரசிகிச்சை முடிந்தது. இடுப்புக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். விமான நிலையத்தில் இனி அப்பா நடந்தால் மணி அடிக்கும் என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

அப்பாவின் கவலை இடுப்பில்லை, பரா ஸ்னோ சேர்விஸ். முதலாளி, சாரதி, ரெலிபோன் எடுக்கிறவர் எல்லாம் அப்பாதான். ஒரு ட்றக், அதன் முன்னால் பனி தள்ளும் தகடு, ஸ்காபரோவில் முப்பத்தெட்டு வீடு. ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் விழுந்தால் காலை ஏழு மணிக்குள் முப்பத்தெட்டு டிரைவ்வேயும் துப்புரவாக வேண்டும். அப்பா தள்ளுவார். மாமா படிகளில் கிடக்கிற பனியைச் சவளால் வழித்து, ஐஸ் பிடிக்காமல் உப்புத் தூவுவார். எங்கள் வீடு அந்தப் பட்டியலிலேயே இல்லை. எங்கள் டிரைவ்வேக்கு, ஐஸ் பிடிக்காமல், முதல் நாள் இரவே மாமா உப்புப் போட்டுவிட வேண்டும் என்பது ஒழுங்கு.

கஜீபன் மாமா அம்மாவின் தம்பி. வவுனியாவில் லொறி ஓட்டினவர். வந்து எட்டு மாதம், எங்கள் பேஸ்மென்றில் இருக்கிறார். இது அவருடைய முதல் குளிர்காலம். ஐஸில் பென்குவின் மாதிரி நடப்பார். அவர் வழுக்குவதை நான் பதினொரு வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டாவதுக்கு ஒரு திட்டம் இருந்தது. கைவிடப்பட்டது.

ஆஸ்பத்திரியில் அப்பா கண்ணைத் திறந்து என்னிடம் சொன்னார். "என்ர வீட்டு விலாசக் கொப்பியில இருக்கிற ஒழுங்கிலயே போகச் சொல்லு."

மாமா கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றார். ஆனாலும் நான் திரும்பி, "மாமா, கொப்பியில இருக்கிற ஒழுங்கிலயே போகட்டாம்" என்றேன். மாமா, "சரியெண்டு சொல்லு" என்றார். நான் திரும்பி அப்பாவிடம், "சரியாம்" என்றேன். மூன்று அடி தூரத்துக்கு ஒரு தபால்காரன்.

டிசம்பர் 11, வியாழன்

பனி இல்லை. ஆகவே பணி இல்லை.

டிசம்பர் 13, சனி

வரலாற்றுச் சிறப்புமிக்க நாள். பரா ஸ்னோ சேர்விஸின் போக்குவரத்து அமைச்சராக நான் என்னை நியமித்துக்கொண்டேன்.

அப்பாவின் கொப்பியில் ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை முகவரிகள் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஸ்காபரோ தெரு மப்பின் மேல் குத்தி, அப்பா போகிற வரிசையில் கோடு இழுத்துப் பார்த்தேன். கோழி கிண்டின மாதிரி இருந்தது. முதலாவது வீடு தெற்கில். இரண்டாவது வடக்கில். ஒரே தெருவுக்கு இரண்டு முறை போகிறார். பஸ் ஓடுகிற தெருவில் மூன்று வீட்டைத் தாண்டிப் போய்விட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி அதே மூன்று வீட்டுக்கு வருகிறார். பன்னிரண்டு வருடமாக இதைத்தான் செய்திருக்கிறார்.

நான் எல்லாவற்றையும் பாம்பு மாதிரி ஒரே வளைவில் கோத்தேன். நாற்பத்தேழு நிமிடம் மிச்சம். நூலகத்தில் அச்சடித்து, பிளாஸ்ரிக் உறை போட்டு, பேஸ்மென்றில் மாமாவிடம் கையளித்தேன்.

மாமா கட்டிலில் இருந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வடிவா இருக்கு மருமோன். ஆனா அத்தான் ஏன் முதல் வீட்டில இருந்து அவ்வளவு தூரம் ஓடி ரெண்டாவதுக்குப் போறார்?"

"பழக்கதோஷம். அப்பாவுக்கு மப் பாக்கத் தெரியாது."

"ஒரு காரணம் இருக்கும்."

"காரணம் இருந்தா எழுதியிருப்பார் தானே மாமா?"

"லொறி ஓடேக்க நானும் முதலாளியிட்ட இப்பிடித்தான் கேட்டனான். ஓடிப்பார் விளங்கும் எண்டார்."

"விளங்கினதோ?"

"ரெண்டு மாசத்தில விளங்கிச்சு. அதுக்குள்ள என்னை வேலையால நிப்பாட்டிப்போட்டார்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு மாமா, "அத்தானிட்ட ஒருக்காக் கேட்டுப் பாரன்" என்றார்.

"நீங்களே கேளுங்கோவன்."

பகிடியாகத்தான் சொன்னேன். மாமா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. "சரி, உன்ர றூட்டிலயே போவம்" என்று உறையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

டிசம்பர் 15, திங்கள்

புதிய றூட்டின் கன்னிப் பயணம். ஒன்பது சென்ரிமீற்றர். மாமா தனியாகவே தள்ளி, தனியாகவே இறங்கி வழித்தார்.

சில சிறு தொழில்நுட்பக் கோளாறுகள். ஐந்து மணிக்கு நேர்ஸ் மிஸஸ் டெல்கடோ வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தார். அவருடைய கார் பனிக்குள் நிற்கிறதாம், ஐந்தேகாலுக்கு வெளிக்கிட்டால்தான் இரவு வேலை செய்த நேர்ஸ் வீட்டுக்குப் போகலாமாம். எனது றூட்டில் அவர் இருபத்தாறாவது. வாகனம் வந்துகொண்டிருக்கிறது என்று வானொலி அறிவிப்பாளர் குரலில் சொன்னேன். அவர் கணுக்கால் பனிக்குள் நடந்து பஸ் எடுத்திருக்கிறார்.

ஆறு மணிக்கு பஸ் தெருக்காரர் மூவரும் ஒருவர் பின் ஒருவராக எடுத்தார்கள். மாமா நாலு மணிக்கே அங்கே முடித்துவிட்டார். அதன் பிறகு நகரசபையின் பெரிய வண்டி வந்து தெருவைத் தள்ளி, அந்தப் பனியை எல்லாம் மூன்று வாசலிலும் வரம்பு மாதிரிக் குவித்துவிட்டுப் போயிருக்கிறது. அது அவர்களுடைய துரதிர்ஷ்டம்.

ஏழு மணிக்கு மிஸ்டர் ஹார்க்னெஸ். எழுபத்தெட்டு வயது, அடிமட்டம் வைத்துப் பனியை அளக்கிறவர். ஓரம் நேராக வெட்டப்படவில்லையாம். நேர்மை குறைந்த உலகம் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

மாமா ஒன்பது மணிக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே படியில் இருந்தார். முறைப்பாடுகளைச் சொன்னேன். "பரவாயில்லை மருமோன்" என்றார். "முதல் நாள் தானே."

டிசம்பர் 18, வியாழன்

வெற்றி. நேற்று ஏழு சென்ரிமீற்றர், முறைப்பாடு பூச்சியம். மிஸஸ் டெல்கடோ நன்றி சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். மிஸ்டர் ஹார்க்னெஸ் ரெலிபோன் எடுக்கவில்லை, அது அவருடைய அகராதியில் பாராட்டு. திட்டத்துக்குப் பழக இரண்டு நாள் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் அப்பா செய்யாததை நான் ஒரு பின்னேரத்தில் செய்தேன்.

மாமா நேற்று ட்றக்கை எடுக்கும் சத்தம் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கே கேட்டது. என் திட்டப்படி இரண்டே முக்காலுக்குப் போனால் போதும். நித்திரை வரவில்லைப் போல.

டிசம்பர் 20, சனி

அப்பா வீட்டுக்கு வந்தார். படி ஏற ஏலாது என்பதால் கட்டில் ஹோலுக்கு வந்துவிட்டது. வாசலில் இருந்து கட்டில் வரை நடை வண்டியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நடந்தார். டிரைவ்வேயில் மாமா காலையில் இருந்து மூன்று தரம் உப்புப் போட்டிருந்தார். அப்பாவின் சப்பாத்துக்குக் கீழே உப்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. அப்பா கீழே பார்த்தார், மாமாவைப் பார்க்கவில்லை.

"இண்டைக்குப் போட்டிருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார்.

அவ்வளவுதான் சொன்னார். மாமா உப்பு வாளியோடு கராஜுக்குள் போய் நிறைய நேரம் வரவில்லை.

மாமாவுக்கு 'உப்பு மாமா' என்று பெயர் வைக்கலாம் என்று யோசித்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் திட்டுகிற வீடு இது என்றும் ஒரு வரி வந்தது. நல்ல வரி. யாருக்கும் சொல்லவில்லை.

அப்பா றூட் எப்படிப் போகிறது என்று கேட்டார். "கொப்பி ஒழுங்குதானே?"

"ஓம் அப்பா" என்றேன். புது றூட்டைப் பிறகு ஆச்சரியமாகத் தரப்போகிறேன், ஆகவே இது பொய்யில்லை.

டிசம்பர் 25, வியாழன்

வெள்ளை நத்தார். எட்டு சென்ரிமீற்றர், முறைப்பாடு பூச்சியம். அமைச்சர் தன்னைத் தானே பாராட்டிக்கொண்டார்.

டிசம்பர் 29, திங்கள்

மாமா பேஸ்மென்றில் கை இரண்டையும் மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்பில் தோல் வெடித்திருந்தது. வசலீன் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மருமோன், அண்டைக்கு ராத்திரி நான் வெளிய போனதை நீ கண்டனியே?"

"எண்டைக்கு?"

"அத்தான் விழுந்ததுக்கு முதல் நாள். ஒன்பது மணி இருக்கும்."

கண்டேன். என் அறை யன்னலுக்கு நேரே கீழேதான் டிரைவ்வே. மாமா வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கோழிக்குத் தீன் போடுகிற மாதிரி, மேல் முனையில் இருந்து தெரு வரைக்கும் தூவினார். இடையில் ஒருக்கால் வழுக்கி ட்றக்கின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாபகமில்லை மாமா" என்றேன்.

"எனக்கு முதல் நல்ல ஞாபகம் இருந்தது. இப்ப யோசிக்க யோசிக்க, அது அதுக்கு முதல் நாளோ தெரியேல்ல. எல்லா நாளும் ஒரே மாதிரித்தானே. போட்டிருந்தா ஐஸ் வந்திராது. அக்கா சொல்லுறது சரிதானே."

வசலீன் மூடியை நான் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"விடாமப் போட்டனான் எண்டுதான் நினைச்சன்" என்றார். "போடாமல் விட்டிட்டன் போல."

அந்த இடத்தில் சொல்வதற்கு என்னிடம் ஒரு விஷயம் இருந்தது. அதற்குப் பதிலாக, உப்புக் குறைந்தால் இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்றேன். மாமா எனக்காகச் சிரித்தார்.

ஜனவரி 3, சனி

நேற்று டொக்டரிடம் போனோம். எலும்பு நினைத்த மாதிரிப் பொருந்தவில்லை. இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டுமாம். இந்தக் குளிர்காலம் ட்றக்கில் ஏறவே முடியாது. அடுத்த குளிர்காலத்தைப் பற்றிக் கேட்டபோது டொக்டர் பேனையை மூடினார்.

இரவுச் சாப்பாட்டுக்கு மாமா மேலே வந்தார். அம்மா புட்டைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக்கொண்டே, சத்தம் போடாமல், கறி வேணுமோ என்று கேட்கிற மாதிரிக் குரலில் சொன்னார்.

"ஒரு கை உப்பு. அஞ்சு நிமிச வேலை. என்ர மனிசனை நொண்டியாக்கிப்போட்டாய்."

"அக்கா..."

"உனக்குக் கடிதம் எழுதி, லோயரைப் பிடிச்சு, உன்னை இஞ்ச கூப்பிட்டது அந்த மனிசன். நான் இல்லை."

அப்பா கட்டிலில் இருந்து, "விடு" என்றார். அம்மாவிடம்தான் சொன்னார்.

மாமா சாப்பிட்டு முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "நான்தான் அக்கா. போடேல்லை" என்றார். பிறகு கீழே போய்விட்டார்.

நான் தண்ணீர் குடித்தேன்.

ஜனவரி 4, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. பக்கத்தை எண்ணுவதற்காக இது.

ஜனவரி 7, புதன்

முப்பத்தொரு சென்ரிமீற்றர். பாடசாலை மூடல். மாமா நேற்றுப் பின்னேரம் ஏழு மணிக்குப் போனவர் இன்று மதியம் இரண்டு மணிக்கு வந்தார். முப்பத்தெட்டு வீட்டுக்கும் இரண்டு தரம் போயிருக்கிறார். முறைப்பாடு பூச்சியம். இதைவிட என் றூட்டுக்கு என்ன சான்றிதழ் வேண்டும்?

வந்தவர் உள்ளே வரவில்லை. எங்கள் டிரைவ்வேயைத் தள்ளி, சவளால் வழித்து, உப்புப் போட்டார். பிறகு குனிந்து கையுறையைக் கழற்றி உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். இன்னொரு தரம் உப்புப் போட்டார். வீடியோவுக்கு நல்ல காட்சி. எடுக்கவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

மாமா போய்விட்டார்.

எட்மன்டனில் ஒரு சிநேகிதன் இருக்கிறானாம், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை எடுத்துத் தருவானாம். ஒரு பெட்டி, வந்தபோது கொண்டுவந்த அதே பெட்டி. அம்மா சமையலறையில் நின்றார். அப்பா ரீவி பார்த்தார். ரீவியில் சத்தம் இல்லை.

"போயிட்டு வாறன் அத்தான்."

அப்பா தலையாட்டினார் என்று நினைக்கிறேன். ரீவிக்கும் ஆட்டியிருக்கலாம்.

டக்ஸி தெருவில் நின்றது. மாமா பெட்டியை வைத்துவிட்டுக் கராஜுக்குள் போய் வாளியை எடுத்து, கடைசியாக ஒரு தரம் தூவினார். பிறகு ட்றக் சாவியை என் கையில் தந்தார்.

"மருமோன், விடியப்புறம் அப்பாவையோ அம்மாவையோ முதல்ல வெளிய விடாத. நீ போய்க் காலால தட்டிப் பார். நான் போட்டது சரியோ தெரியாது."

"மாமா."

"ம்?"

டக்ஸிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

"அங்க மைனஸ் முப்பதாம்" என்றேன்.

"பழகியிடும். உன்ர றூட் நல்ல றூட், கவனமா வைச்சிரு."

பென்குவின் மாதிரி நடந்து போனார். வழுக்கவில்லை. அவ்வளவு உப்பு.

ஜனவரி 14, புதன்

தைப்பொங்கல். பொங்கவில்லை.

அப்பாவின் நண்பர் பாலேந்திரா அங்கிளை ட்றக் ஓட்டக் கேட்டிருந்தோம். வழி காட்ட நான் பக்கத்து இருக்கையில். பன்னிரண்டு சென்ரிமீற்றர். அமைச்சரின் நேரடிக் கள விஜயம். ஃபோனில் என் றூட்டை விரித்து வைத்துக்கொண்டு, நாற்பத்தேழு நிமிடம் மிச்சம் பிடிப்பது பற்றி அங்கிளுக்கு விளக்கவுரை நிகழ்த்தினேன். மாமா இதில்தான் ஒரு மாதம் முறைப்பாடே இல்லாமல் ஓடினார் என்றேன்.

ஐந்து மணிக்கு மிஸஸ் டெல்கடோ. நாங்கள் ஏழு தெரு தள்ளி நின்றோம். ஐந்தரைக்கு பஸ் தெரு மூன்று வீடும், அதே வரம்பு. ஆறு மணிக்கு பேக்கரிக்காரர், ஐந்தேகாலுக்குக் கடை திறக்க வேண்டியவர், என்ன சொன்னார் என்பதை வதனி ரீச்சரின் கொப்பியில் எழுத முடியாது. ஏழு மணிக்கு இன்னும் பதினாறு வீடு. மிஸ்டர் ஹார்க்னெஸ் அடிமட்டத்தோடு வாசலில் நின்றார், எங்களை ஒன்றும் சொல்லவில்லை. அளந்து, எழுதி, உள்ளே போனார். பத்து மணிக்குள் ஒன்பது பேர் எங்களை வேண்டாம் என்றுவிட்டார்கள். மிஸஸ் டெல்கடோ கோபப்படவே இல்லை. தனக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கிறது, அந்த மற்றப் பையனிடம் மன்னிப்புச் சொல்லிவிடு என்றார். மற்றப் பையன் என்றது மாமாவை.

"தம்பி, உன்ர மாமன் இந்த றூட்டிலயா ஓடினவன்?" என்று பாலேந்திரா அங்கிள் கேட்டார்.

"ஓம் அங்கிள்."

"மனிசனா, ஹெலிகொப்ரரா?"

அவர் ஒரு மேட்டில் பிரேக் அடித்தபோது தலைக்கு மேல் வெயில் மறைக்கிற தட்டுத் திறந்து, மடித்த ஒரு தாள் என் மடியில் விழுந்தது. மாமாவின் எழுத்து. அப்பாவின் பட்டியலை, அதே கோழி கிண்டின வரிசையில், ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை எழுதி, பக்கத்தில் குறிப்புகள்.

1. பேக்கரிக்காரர். 4.50க்கு கார் வெளிக்கிடும்.
2. நேர்ஸம்மா. 5.15க்கு கார் வெளிக்கிடும்.
27, 28, 29 பஸ் தெரு. சிற்றி வண்டி நாலரைக்கு வந்து குவிச்சிட்டுப் போகும். அதுக்குப் பிறகுதான் போகவேணும், முதல் போனால் வேலை வீண்.
38. அடிமட்ட ஐயா. ஏழுக்குத்தான் அளப்பார். கடைசியா விடலாம், ஓரம் மட்டும் நேரா வெட்டவேணும்.

தாளின் பின்பக்கத்தில் திகதிகள். டிசம்பர் 17: 12.05 முதல் 6.50. டிசம்பர் 25: 11.50 முதல் 6.40. தனி ஆள் அப்பாவின் றூட்டில் ஓடினால் அவ்வளவு நேரம் வேண்டும். அவர் நேரத்தோடு போனது நித்திரை வராததால் இல்லை.

என் றூட்டை இருக்கைக்குப் பின்னால் உள்ள பையில் கண்டேன். பிளாஸ்ரிக் உறை மடியாமல், ஒரு கோப்பிச் சொட்டுக்கூடப் படாமல், புதிதாக இருந்தது. பழைய துணி சுற்றி வைத்திருந்தார்.

ஜனவரி 15, வியாழன்

காலையில் அப்பாவின் கட்டிலடிக்குப் போனேன். அப்பாவின் கொப்பியையும், இந்தக் கொப்பியையும், மாமாவின் தாளையும் போர்வைக்கு மேல் வைத்து, றூட்டைப் பற்றிச் சொன்னேன். அப்பா ஏசவில்லை. தாளைத்தான் வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "ஒரு மாசத்தில கண்டு பிடிச்சிட்டான்" என்றார். "எனக்கு மூண்டு வருசம் எடுத்தது."

பிறகு மற்றதையும் சொன்னேன். அம்மாவும் கேட்டுக்கொண்டு நின்றார்.

அப்பா ஒன்றுதான் கேட்டார். "அப்ப அவன் போட்டவனோ?"

"போட்டவர். நான் கண்டனான்."

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு பக்கமாகத் திரும்பினால் இடுப்பு நோகும், டொக்டர் திரும்பக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அப்படியே கிடந்து, "அவனுக்கு ஃபோன் எடு" என்றார். அம்மா பேஸ்மென்றுக்கு இறங்கிப் போனார். நான் போய்ப் பார்த்தபோது மாமாவின் கட்டிலில், விரிப்பு இல்லாத மெத்தையில், இருந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

மாமா ஃபோனை எடுக்கவில்லை. ஏழு தரம் அடித்தேன். ஏழாவது தரம் தகவல் விட்டேன். பழக்கத்தில், "எட்மன்டன் வாழ் பென்குவின் சங்கத் தலைவர் அவர்களுக்கு" என்று தொடங்கிவிட்டேன். அழிக்க எந்த இலக்கம் அமத்துவது என்று தெரியவில்லை. ஆகவே அதிலிருந்தே தொடர்ந்து சொல்லி முடித்தேன். பின்னேரம் ஆகிவிட்டது. இன்னும் பதில் இல்லை. தொழிற்சாலைக்குள் ஃபோன் விடமாட்டார்களாக இருக்கும். அல்லது விடுவார்களாக இருக்கும்.

மிச்சம் இருக்கிற இருபத்தொன்பது வீட்டையும் அப்பாவின் வரிசையில் புதிதாக எழுதினேன். முதலாவதுக்கும் மேலே எங்கள் வீட்டைப் போட்டேன். இனி அதை நான் பார்க்கிறேன்.

விசாரணை முடிவு. டிசம்பர் எட்டாம் திகதி இரவு பத்தரை மணிக்கு, மைனஸ் பதினான்கில், குளியலறையில் இருந்து நீல வாளியில் தண்ணீர் கொண்டுபோனது நான். மாமா ஒன்பது மணிக்குப் போட்ட உப்பின் மேல் ஊற்றினேன். உப்பு தெருவுக்கு ஓடியது. போதாது என்று இரண்டாவது வாளியும் ஊற்றினேன். மூன்றாவது தரம் நிரப்பிக் கொண்டுவந்தபோது கை விறைத்ததால் அதைக் கராஜ் ஓரத்தில் விட்டுவிட்டுப் படுத்தேன். அது உறைந்து வாளி வெடித்தது. மாமாதான் எப்போதும் முதலில் வெளியே போகிறவர். அவர் வழுக்குவதை எடுக்க ஃபோனை யன்னலில் சாய்த்து வைத்திருந்தேன். பன்னிரண்டாவது வீடியோ இருந்தது, அப்பா அதில் இருந்தார். இன்றைக்குத்தான் அழித்தேன்.

இந்தக் கொப்பியில் மேலே எங்கேயாவது அமைச்சர் என்றோ, வெற்றி என்றோ, நாற்பத்தேழு நிமிடம் என்றோ எழுதியிருந்தால், வதனி ரீச்சர், அந்தப் பக்கங்களை எண்ண வேண்டாம். இந்தக் குளிர்காலம் முழுக்க நான் என் கையால், யாருடைய உதவியும் இல்லாமல், செய்து முடித்த வேலை ஒன்றுதான். இரண்டு வாளி தண்ணீர்.